அழுத்திப் பிடித்தால்தான் வலி போகுமா?

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு 45 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். ஒரு வருசமாக வலது பக்கம் கழுத்தில் ஆரம்பித்துத் தோள்பட்டை, முதுகுச் சப்பை எலும்பு வரைக்கும் இறுக்கமும் வலியும் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் தலைவலியும் சேர்ந்துகொள்கிறது.

எங்கள் வீதியில் எண்ணெய் தேய்த்துவிடும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். சப்பையில் நரம்பு முடிச்சு விழுந்திருக்கிறது, அழுத்தித்தான் கரைக்க வேண்டும் என்று சொல்லிக் கட்டை விரலால் அழுத்துவார். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மறுநாள் அந்த இடம் கன்றி நீலமாகிவிடும். ஆனால் இரண்டு நாள் வலி குறைவாக இருக்கும், அப்புறம் பழையபடி. மகன் மசாஜ் கன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஸ்பாவில் விசாரித்தால் ஒரு தடவைக்கே ஆயிரத்தைந்நூறு கேட்கிறார்கள்.

உடம்பும் மொத்தமாக விறைத்துப்போன மாதிரி இருக்கிறது. சம்மணம் போட்டு உட்கார முடிவதில்லை. குனிந்தால் கை முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம்தான் போகிறது. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. இடது கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு தெரிகிறது, அதையும் தேய்த்துவிடச் சொல்லலாமா? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். மசாஜ் எடுத்தால் எல்லாம் முழுசாகச் சரியாகுமா? எந்த எண்ணெய் நல்லது? வீட்டில் நாத்தனார் தேய்த்துவிடத் தயாராக இருக்கிறார். மாதவிலக்கு நாட்களில் தேய்க்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

வணக்கம். 'இரண்டு நாள் வலி குறைவாக இருக்கும், அப்புறம் பழையபடி' என்று எழுதியிருக்கிறீர்களே, என் பதில் பெரும்பாலும் அந்த இரண்டு நாளைப் பற்றித்தான். அந்த நிவாரணம் நிஜம். யாராவது 'அதெல்லாம் மனசுக்குத்தான்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அது தானாக நிலைக்காது. வலி குறைந்திருக்கும் அந்த நேரத்தில் தோளை அசைத்து, பலப்படுத்தினால்தான் மூன்றாம் நாள் நிலைமை மாறும். இந்த வேலையை மசாஜால் செய்ய முடியாது, அதற்கு வழி மட்டும் திறந்துவிட முடியும்.

அதற்கு முன்னால் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இடது கெண்டைக்காலை யாரும் அழுத்தித் தேய்க்க வேண்டாம். மசாஜ் கன்னும் அங்கே வேண்டாம். சுருட்டிக்கொண்டு தெரிவது, காலிலிருந்து ரத்தத்தை மேலே இதயத்துக்குக் கொண்டுபோகும் குழாய். அதற்குள் ரத்தம் திரும்பக் கீழே இறங்காமல் தடுக்கும் வால்வுகள் இருக்கின்றன. அவை தளர்ந்துவிட்டால் ரத்தம் தேங்கி, குழாய் புடைத்து வளைந்துவிடும். வெரிகோஸ் வெயின் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். எவ்வளவு தேய்த்தாலும் அந்த வால்வு சரியாகாது. அதைவிட முக்கியம், இப்படிப்பட்ட காலில் சிலருக்கு ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். தெரியாமல் அதை அழுத்தித் தேய்த்தால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கிற ஆபத்து உண்டு. உயிருக்கே ஆபத்தான விஷயம் அது.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, சிவந்தாலோ, கெண்டைக்காலில் புதிதாக வலி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும், லீவு நாள் பார்த்து அந்தக் காலை ஒரு தடவை சர்ஜனிடம் காட்டிவிடுவது நல்லது.

சரி, இனி தோளுக்கு வருவோம்.

ஓவர்லாக்கில் துணியின் ஓரத்தைக் கத்தி வெட்டிக்கொண்டே போகும், ஊசி பின்னாலேயே தைத்துக்கொண்டு வரும். கண்ணை அந்த இடத்தைவிட்டு எடுக்க முடியாது. கண்ணோடு சேர்ந்து தலையும் முன்னால் போய்விடும். மனிதத் தலையின் எடை கிட்டத்தட்ட ஐந்து கிலோ. அது முன்னால் சாயச் சாய, பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிற தசைகளுக்கு வேலை கூடிக்கொண்டே போகும். அவற்றில் ஒன்று கழுத்து எலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கி, சப்பையின் மேல் பக்க உள்மூலையில் வந்து ஒட்டுகிறது. உங்கள் பெரியம்மாவின் கட்டை விரல் போய் நிற்கிற இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கையால் பிடித்தால் கொத்தாக வருமே, அந்தத் தசை. மூட்டை தூக்கும்போது தசை நன்றாக இறுகும், இறக்கி வைத்ததும் தளர்ந்துவிடும். தையலில் இறுக்கம் கொஞ்சம்தான், ஆனால் விடாத இறுக்கம். காலையில் உட்கார்ந்த தசை ராத்திரி வரைக்கும் ஓய்ந்து நிற்கவே வழியில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களின் தோளைத் தொட்டாலே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

விரலில் தடித்துத் தட்டுப்படுவது நரம்பு முடிச்சு இல்லை. இப்படி ஓய்வில்லாமல் இருந்து, தொட்டாலே வலிக்கிற அளவுக்குக் கூச்சம் ஏறிப்போன தசைப்பகுதி அது. அங்கே கரைப்பதற்குக் கட்டியாக எதுவும் கிடையாது. விரலால் அழுத்தி தசையையோ அதைச் சுற்றியிருக்கிற சவ்வையோ நிரந்தரமாக நீட்டிவிடவும் முடியாது. அவ்வளவு சுலபத்தில் உருமாறக்கூடிய உடம்பாக இருந்தால் நாம் நாற்காலியில் உட்கார்ந்தே நசுங்கிப் போயிருப்போம்.

அப்படியென்றால் வலி எப்படிக் குறைகிறது? கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோம் இல்லையா? 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். தொடுதல், அழுத்தம் ஆகியவற்றின் சேதியும் வலியின் சேதியும் தண்டுவடத்தில் ஒரே இடத்தைக் கடந்துதான் மூளைக்குப் போக வேண்டும். தொடுதலின் சேதி நிறைய வரும்போது வலியின் சேதி போகிற வாசல் குறுகிவிடுகிறது. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் இந்த விளக்கத்தை நிறையத் திருத்தியிருக்கின்றன, ஆனாலும் அடிப்படை நிற்கிறது. இதோடு, நம்பிக்கையான ஒருவர் கை நிதானமாக மேலே படும்போது மூச்சு ஆழமாகிறது, உடம்பின் பதற்றம் இறங்குகிறது, ராத்திரி தூக்கம் நன்றாக வருகிறது. தூக்கம் கெட்டவர்களுக்கு வலி கூடுதலாகத் தெரியும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

'உடம்பிலிருக்கிற கழிவு எல்லாம் வெளியேறும்' என்று ஸ்பா விளம்பரங்களில் போடுவார்கள். லாக்டிக் அமிலம் தேங்கி நிற்கிறது, அதைப் பிழிந்து எடுக்கிறோம் என்பார்கள். கடுமையாக ஓடினாலும்கூட லாக்டிக் அமிலம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதைப் பிழிந்து எடுக்க ஆள் தேவையில்லை. கழிவை வெளியேற்றுகிற வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்துக்கொள்கின்றன.

இப்போது நீல நிறத்துக்கு வருகிறேன். தோல் கன்றிப்போகிறது என்றால் உள்ளே சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம். அது குணமாவதற்கான அறிகுறி கிடையாது, காயம். அழுத்தம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் கணக்கு இதுதான்: வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாத வலி என்றால் பத்து. மசாஜின்போது ஐந்தைத் தாண்டக் கூடாது. 'ஆமா, இந்த இடம்தான், நல்லா இருக்கு' என்று வாயில் வர வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தால், தசை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இறுகத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தளர்த்தப் போய் இறுக்கிவிட்டு வருகிறோம். மறுநாள் லேசாக அடித்துப்போட்ட மாதிரி இருந்தால் பரவாயில்லை. கன்றிப்போகக் கூடாது. மிக முரட்டுத்தனமான மசாஜுக்குப் பிறகு தசை நார்கள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான். ஆனாலும் மசாஜுக்குப் பிறகு சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்பது தெரிந்திருக்கட்டும்.

பெரியம்மாவிடம் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வருசக்கணக்கில் கை பழகியவர்களுக்கு எந்த இடத்தில் இறுக்கம் என்பது நன்றாகவே தெரியும். 'பெரியம்மா, பாதி அழுத்தம் போதும், நின்னு நிதானமா தேய்ச்சு விடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் போங்கள். 'வலி தாங்கினால்தான் தீரும்' என்று பிடிவாதம் பிடித்தால் நாத்தனார் போதும்.

மசாஜ் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிப் புரியவைத்தல் இவற்றோடு மசாஜையும் அது பரிந்துரைத்திருக்கிறது. மருந்தில்லாத வழிகளில் ஒன்றாகத்தான், தனி மருந்தாக இல்லை. இடுப்பு பெல்ட், இழுவை சிகிச்சை இரண்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. நம் ஊரில் இந்த இரண்டுக்கும் மக்கள் செய்யும் செலவை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கழுத்துத் தோள் வலியில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி 2011-இல் டென்மார்க்கில் வந்தது. கழுத்து, தோள் வலியோடு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்து, வாரத்தில் ஐந்து நாள் தோள் பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஒரு குழு தினம் இரண்டு நிமிடம், இன்னொரு குழு பன்னிரண்டு நிமிடம். பத்து வாரத்தில் இரண்டு குழுவுக்கும் வலி குறைந்தது. நேரமே இல்லாத உங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது. இரண்டு நிமிடம்!

அதனால் நாத்தனாரையும் இந்த இரண்டு நிமிடத்தையும் சேர்த்துவிடுவோம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், வேலை முடிந்து வந்து குளித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் மேசையில் தலையணை வைத்து, இரண்டு கையையும் மடித்து அதன்மேல் போட்டு நெற்றியைச் சாய்த்துக்கொள்ளுங்கள். இப்படி உட்கார்ந்தால் தலையின் பாரம் தலையணைக்குப் போய்விடும், கழுத்துத் தசைக்கு அன்றைக்கு முதல் தடவையாக ஓய்வு கிடைக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பத்து நிமிடம் தோளில் போட்டு வையுங்கள். சூடு இதமாக இருந்தால் போதும்.

அப்புறம் நாத்தனார் ஒரு ஸ்பூன் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கழுத்தடியிலிருந்து தோள் முனை வரைக்கும் முழு உள்ளங்கையாலும் மெதுவாக நீவட்டும். அவசரமே வேண்டாம். ஒரு நீவலுக்கு ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் ஆகட்டும். நான்கைந்து நிமிடம் போனதும், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் தசையைக் கட்டை விரலுக்கும் மற்ற நான்கு விரலுக்கும் நடுவில் பிடித்து, சப்பாத்தி மாவு பிசைகிற வேகத்தில் பிசைந்து விடலாம். கடைசியாக, சப்பையின் மேல் மூலையில் வலிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டு விரலின் நுனியால் ஐந்துக்கு மேல் போகாத அழுத்தத்தில் அரை நிமிடம் அப்படியே வைத்திருக்கட்டும். தேய்க்க வேண்டாம், சும்மா வைத்திருந்தால் போதும். பெரும்பாலும் அந்த அரை நிமிடத்துக்குள்ளேயே ஐந்தாக இருந்தது மூன்றாகிவிடும். அதே இடத்தில் மூன்று தடவை. மொத்தம் கால் மணி நேரம்.

விரல் போகக் கூடாத இடங்களை நாத்தனாரிடம் சொல்லிவையுங்கள். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் மூளைக்கு ரத்தம் போகிற வழி, அங்கே அழுத்தவே கூடாது. நடு முதுகெலும்பின் மேல், அக்குள், முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற குழி, இந்த இடங்களும் வேண்டாம். கழுத்தை யாரும் திருப்பிச் சொடுக்கெடுக்க விடாதீர்கள். இதை உங்கள் வீட்டு ஆண்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சலூனில் முடி வெட்டிய கையோடு தலையைப் பிடித்து 'டக்' என்று திருப்பிவிடும் பழக்கம் நம் ஊரில் நிறைய. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். கழுத்தைச் சொடுக்கியதில் மூச்சை இயக்கும் நரம்பு பாதிக்கப்பட்டு மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் பற்றியும் பதிவு இருக்கிறது.

மசாஜ் முடிந்ததும் பலரும் செய்வது, 'அப்பாடா' என்று படுத்துவிடுவதுதான். நீங்கள் படுக்காதீர்கள். அந்த நேரத்தில்தான் தோள் சொன்னபடி கேட்கும். முதலில் தலையை இரண்டு பக்கமும் முடிந்த மட்டும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஐந்தைந்து தடவை. அப்புறம் எழுந்து நின்று, ரப்பர் பட்டையின் நடுவைப் பாதத்தால் மிதித்துக்கொண்டு, இரண்டு முனையையும் கையில் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். பட்டை பெரிய மெடிக்கல் ஷாப்பிலும் விளையாட்டுச் சாமான் கடையிலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும், தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. இரண்டு நிமிடம் நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். மசாஜ் இல்லாத நாளிலும் இது மட்டும் உண்டு. முதல் வாரம் தசை கொஞ்சம் வலிக்கும். புது வேலை கொடுத்த தசை ஒரு நாள் கழித்து வலிக்கும், சில நாளில் அடங்கிவிடும். பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு கேள்வியை நான் உங்களிடம் கேட்க வேண்டும். கண் பரிசோதனை செய்து எத்தனை நாள் ஆகிறது? நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கத் தொடங்கும். வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவதுதான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது தெரியாமலே முகத்தை ஊசிப் பக்கம் கொண்டுபோவீர்கள். சாயங்காலம் தலைவலி வருகிறது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். கழுத்து வலி என்று வரும் நடுவயதுத் தையல்காரர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வியே இதுதான். கண் டாக்டரிடம் போகும்போது முகத்துக்கும் ஊசிக்கும் எவ்வளவு தூரம் என்பதை வீட்டில் அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள், அந்தத் தூரத்துக்குச் சரியாக வரும்படி கண்ணாடி எழுதித் தருவார். ஸ்பாவுக்குக் கொடுக்கும் ஆயிரத்தைந்நூறை இதற்குச் செலவு செய்தால் வருசக்கணக்கில் பலன் இருக்கும்.

கம்பெனியில் உங்களால் எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். தைத்த பீஸுக்குத்தான் கூலி என்ற பீஸ் ரேட்டில் ஓடும்போது 'மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள்' என்று சொல்வது சுலபம், செய்வது கூலியைக் குறைத்துக்கொள்வது. அதனால் செலவில்லாததை மட்டும் சொல்கிறேன். ஒரு பண்டல் முடித்து அடுத்ததை எடுப்பதற்கு முன்னால் இரண்டு கையையும் தொடைமேல் போட்டு, தோளை மேலே தூக்கி, பின்னால் உருட்டி, கீழே விடுங்கள். பத்து விநாடி. பண்டல் வலது பக்கம் எட்டி எடுக்கிற தூரத்தில் இருந்தால் கிட்டே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை போகிற கை அது. ஸ்டூல் தாழ்வாக இருந்தால் தோள் தானாக மேலே ஏறும். துணியை மேசையில் தள்ளும்போது முழங்கை மேசை உயரத்துக்கு வருகிற மாதிரி மெத்தை போட்டு உட்காருங்கள். டீ டைமில் உட்கார்ந்து குடிக்காமல் நடந்துகொண்டே குடியுங்கள், கெண்டைக்காலுக்கும் நல்லது.

விறைப்புக்கு வருவோம். மசாஜ் எடுத்த உடனே குனிந்து பார்த்தால் கை கொஞ்சம் கூடுதலாகக் கீழே போகும். அது அன்றைக்கு மட்டும்தான். தசை அதற்குள் நீளமாகிவிடவில்லை, இழுக்கும்போது தெரிகிற கூச்சம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நிலையான வளைவு வேண்டுமென்றால் இழுத்து நிறுத்துகிற பயிற்சியை வாரக்கணக்கில் செய்ய வேண்டும். 1994-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சியில் தொடையின் பின் தசையை 15 விநாடி, 30 விநாடி, ஒரு நிமிடம் என்று வெவ்வேறு அளவில் இழுத்து நிறுத்தச் சொல்லி, ஆறு வாரம் பார்த்தார்கள். 30 விநாடி நன்றாக வேலை செய்தது, ஒரு நிமிடம் வைத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆகவே 30 விநாடி போதும்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். தொடைக்குப் பின்னால் இழுக்கும். அங்கேயே 30 விநாடி. கெண்டைக்காலுக்கு, சுவரில் கை வைத்து ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னால் சாயுங்கள். இதைப் படுக்கப் போகும் முன் செய்தால் ராத்திரி பிடித்துக்கொள்வது பலருக்குக் குறைகிறது. பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் நீர் பிரிய வைக்கும் வகையும் உண்டு, அதனாலும் கால் பிடித்துக்கொள்ளலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அடுத்த தடவை டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

சம்மணம் திரும்ப வரும், ஆனால் மேலேயிருந்து இறங்கி வர வேண்டும். முதலில் இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து சம்மணம் போடுங்கள், இரண்டு நிமிடம். இடுப்பு உயரமாக இருந்தால் முழங்காலுக்குச் சிரமம் குறையும். அது சுலபமானதும் ஒரு தலையணை, அப்புறம் பலகை, அப்புறம் தரை. ஒவ்வொரு படிக்கும் வாரங்கள் ஆகட்டும். முழங்கால் வீங்கியிருந்தாலோ, மடக்கும்போது உள்ளே குத்தினாலோ இதைத் தொடராமல் மூட்டைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த மசாஜ் கன்னைத் தூக்கிப் போட வேண்டாம். குறைந்த வேகத்தில், தொடையிலும் தோளின் சதைப்பற்றான இடத்திலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓட்டலாம். கழுத்தில் வேண்டாம். கழுத்தில் திரும்பத் திரும்ப வைத்து ரத்தக்குழாய் கிழிந்த சம்பவம் பதிவாகியிருக்கிறது. எலும்பின் மேலும் இடது கெண்டைக்காலிலும் கூடாது.

எண்ணெயில் எனக்குப் பெரிய வாதம் இல்லை. கை வழுக்கிப் போவதற்குத்தான் எண்ணெய். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், எது உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதோ அது போதும். கற்பூரம் சேர்ந்த தைலம் தோலில் சில்லென்றும் பிறகு சூடாகவும் தெரிய வைத்து வலியை மறக்கடிக்கும். கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் போடாதீர்கள், சின்னக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். எண்ணெயை நேராக அடுப்பில் காய்ச்சித் தேய்க்க வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தாலே போதுமான சூடு வரும். பாதத்தில் எண்ணெயோடு குளியலறைக்குப் போகாதீர்கள். விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வருகிறவர்களை நாங்கள் நிறையப் பார்க்கிறோம்.

முறையாக மசாஜ் எடுக்க வேண்டும் என்று தோன்றினால், அதற்கு ஸ்பாதான் என்று இல்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று இதற்கே ஒரு பிரிவு உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகையாகச் சொல்வார்கள். யாருக்கு எது என்பதைப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் உடம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, விசாரியுங்கள். எங்கே போனாலும் ஒன்று கவனியுங்கள். மேலே கை வைப்பதற்கு முன்னால் பிரஷர், சுகர், சாப்பிடுகிற மாத்திரை, பழைய அடி எல்லாவற்றையும் கேட்கிறார்களா? 'வலிக்குது' என்று சொன்னால் உடனே கையை எடுக்கிறார்களா? இந்த இரண்டும் இல்லாத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம், கூச்சப்பட வேண்டாம்.

உங்கள் சம்பளத்தில் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருந்தால் பிசியோதெரபிக்கும் அந்த வழியில் போகலாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். வருசக்கணக்கில் காசு கட்டிவிட்டு அட்டையைப் பீரோவிலேயே வைத்திருப்பவர்கள் உங்கள் ஊரில் ஏராளம்.

நான்கு முதல் ஆறு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். அதற்குள் எந்த மாற்றமும் இல்லையென்றால் நேரில் பரிசோதனை வேண்டும். சிலவற்றுக்கு ஆறு வாரம் காத்திருக்கவே கூடாது. வலி கையில் இறங்கி விரல் மரத்துப்போவது, கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவுவது, நடை தடுமாறுவது, காய்ச்சலோடு கழுத்து வலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி. இவற்றில் எதற்கும் மசாஜ் பதில் இல்லை. ஜாக்கெட் கொக்கி மாட்டக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல், யாராவது தூக்கிவிட்டாலும் கை ஏறாமல் இருந்தால் அது தோள் மூட்டு இறுகும் நோயாக இருக்கலாம். சுகர் உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். பிரஷர் இருப்பதால் சுகரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மாடிப்படி ஏறும்போது தோளோ தாடையோ வலித்து, வியர்த்து, நின்றால் குறைகிறது என்றால் அது தசை வலியாக இல்லாமல் இதயமாகவும் இருக்கலாம். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சு வலியே பெரிதாக இல்லாமல் வரும். அப்போது எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம் என்று நேரத்தைக் கடத்திவிடாதீர்கள்.

கடைசிக் கேள்வி, மாதவிலக்கு நாட்கள். தோளுக்கும் கழுத்துக்கும் தாராளமாகத் தேய்க்கலாம், எந்தத் தடையும் இல்லை. அடிவயிற்றை மட்டும் அழுத்த வேண்டாம், அங்கே வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு அசதியாக இருந்தால் அன்றைக்கு ரப்பர் பட்டையை விட்டுவிட்டு மறுநாள் செய்யலாம்.